பீலித் தண்ணிக்கு பில்டர் விற்கிறவர்கள்

"மீட்டரைப் போட்டுப் பார்த்துட்டோம், உங்க தண்ணி சரியில்ல. தவணைக்கு ஒரு மெஷின் எடுங்க." இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கிற வசனம் இது. வீட்டிலிருந்து எங்களுக்குப் போன் வருகிறது: "எந்த பில்டர் நல்லது? படிச்ச பிள்ளைங்கதானே, சொல்லுங்க." நாங்கள் கலைப்பீடத்துக்காரர்கள், இரசாயனம் எங்கள் பாடம் இல்லை. ஆனால் யாருக்கு, யார், எதைச் சொல்லிப் பயமுறுத்தி, எதை விற்கிறார்கள் என்று கேட்பது எங்கள் பாடம்தான். அதனால் பதிலை எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

முதலில் அந்த வித்தையைப் பார்ப்போம். பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணிக்குள் விடுகிறார்கள், ஒரு எண் தெரிகிறது. அதன் பெயர் டீ.டீ.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. அந்த எண் லீட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குடிக்க நன்றாகவே இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம மலைத் தண்ணி யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி மாதிரி, அனுராதபுரத்துத் தண்ணி மாதிரிக் கடினமானது இல்லை. மழை அதிகம் பெய்கிற மண், உப்புக் குறைந்த தண்ணி. அந்த மீட்டர் நம்ம ஊரில் உண்மையைச் சொன்னால் மெஷின் விற்காது.

அதனால் இரண்டாவது வித்தைக்குப் போகிறார்கள். இரண்டு டம்ளர், கம்பிகள், கரண்ட். குழாய்த் தண்ணி பழுப்பாகிச் சேறு மாதிரி ஆகிறது, மெஷின் தண்ணி அப்படியே இருக்கிறது. பார்க்கிற அம்மா பயந்துபோகிறார். அந்தப் பழுப்பு தண்ணியில் இருந்த அழுக்கே இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்பு இருக்கிற தண்ணியில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். உப்பு எடுக்கப்பட்ட தண்ணியில் ஓடாது. மெஷின் தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு அதே வித்தையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அதுவும் பழுப்பாகும்.

அப்படியென்றால் நம்ம தண்ணி நல்ல தண்ணியா? இல்லை, அதுதான் கோபமே! மீட்டர் காட்டாத இடத்தில்தான் நம்ம பிரச்சினை இருக்கிறது. ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் பைப் போட்டு, ஒரு தொட்டியில் தேக்கி, அங்கிருந்து லயத்துக்கும் பீலிக்கும் விடுகிறார்கள். பல தோட்டங்களில் சுத்திகரிப்பு என்று எதுவும் இடையில் கிடையாது. மேலே கக்கூஸ், மாட்டுக் கொட்டில், உரம் போட்ட மலை, மருந்து அடித்த மலை. மழை பெய்தால் எல்லாம் கீழேதான் வரும். 100 மில்லிலீட்டர் குடிதண்ணீரில் ஒரு இ-கோலி கிருமிகூட இருக்கக் கூடாது என்பது விதி. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். டீ.டீ.எஸ். மீட்டருக்கு இ-கோலி தெரியாது. களைநாசினியும் தெரியாது.

இப்போது வீட்டுக் கேள்விக்கு வருவோம். மெழுகுவர்த்தி வடிவில் பீங்கான் கட்டி வைத்த சாதாரண பில்டர் கலங்கலையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் பிடிக்கும். கட்டியில் கீறல் விழுந்தால் பிரயோசனம் இல்லை, அடிக்கடி கழுவ வேண்டும். கார்பன் பில்டர் மணத்தையும் சில மருந்துகளையும் பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்காது. காலம் முடிந்தும் மாற்றாவிட்டால் அதற்குள்ளேயே கிருமி வளரும். யூ.வி. லைட் கிருமியைக் கொல்லும், ஆனால் தண்ணி தெளிவாகவும் கரண்ட் இருக்கவும் வேண்டும். மழைக் காலத்தில் நம்ம பக்கம் இரண்டுமே சந்தேகம். ஆர்.ஓ. மெஷின் உப்பையும் நைத்திரேற்றையும் எடுக்கும், ஆனால் உள்ளே போகிற தண்ணியில் பெரும்பங்கைக் கழிவாக வெளியே விடும். குடம் தூக்கி வருகிற வீட்டில் அதை யார் தாங்குவது? கொதிக்க வைப்பது கிருமிக்கு நல்ல மருந்துதான், நுரைத்துக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். நைத்திரேற்றுக்கு அது உதவாது, தண்ணி வற்ற வற்ற அதன் அளவு கூடும்.

ஆகவே எங்கள் பதில்: இப்போதைக்குக் கொதிக்க வையுங்கள், முடிந்தால் பீங்கான் பில்டர் வையுங்கள், ஆர்.ஓ.வுக்குக் கடன் எடுக்காதீர்கள். தண்ணியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பில்டர் வாங்குவது, நோய் தெரியாமல் மாத்திரை வாங்குவது மாதிரி.

என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது யார்? இங்கேதான் சண்டை தொடங்குகிறது.

"தோட்டத்து ஆளுங்க சுத்தமா இருக்கணும், கொதிக்க வச்சுக் குடிக்கணும்" என்று நமக்குச் சொல்லாத ஆள் இல்லை. ஊற்று நம்முடையதா? பைப் நம்முடையதா? மேல் மலையில் எப்போது மருந்து அடிப்பது என்று நாமா முடிவெடுக்கிறோம்? நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நடத்துவது கம்பெனிகள். பிரதேச சபையிடம் போகலாம் என்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை வோட்டுக் கேட்க உள்ளே வரலாம், தண்ணிக் குழாய் போட வர முடியாது என்றுதான் இருந்தது. இப்படி எல்லாரும் கைகழுவிய இடத்தில்தான் பில்டர்காரர் நுழைகிறார். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும் 33,750 ரூபாய்தான் வந்தது. அதிலிருந்து தவணை கட்டித்தான் நல்ல தண்ணி குடிக்க வேண்டுமா?

களைநாசினி விஷயத்தையே எடுங்கள். 2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை நீக்கினார்கள். சப்ரகமுவவில் நாம் வாழ்வது தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவில்தான். ஜப்பானும் ஐரோப்பாவும் வாங்குகிற தேயிலையில் மருந்து எச்சம் எவ்வளவு என்று அளக்கிறார்கள், கூடினால் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே குடிக்கிறவரின் கோப்பையை அளக்க வழி இருக்கிறது. கொழுந்து பறித்தவரின் கோப்பையை அளக்க மட்டும் வழியில்லையா?

இந்த நாட்டில் தண்ணிக்காகக் கேள்வி கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி, கிணற்றுத் தண்ணி கெட்டுவிட்டது என்று வெலிவேரிய, ரதுபஸ்வல மக்கள் வீதிக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டது, மூன்று பேர் செத்தார்கள். சுன்னாகத்தில் நிலத்தடித் தண்ணியில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் மின் உற்பத்திக் கம்பெனி 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த ஊர்களில் யாரும் "ஆளுக்கொரு பில்டர் வாங்குவோம்" என்று அடங்கிப்போகவில்லை. கெடுத்தவன் யார் என்றுதான் கேட்டார்கள்.

நாமும் கேட்போம். ஒவ்வொரு தோட்டத்து ஊற்றும் தொட்டியும் மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கப்பட வேண்டும். கிருமிக்கு மட்டும் இல்லை, நைத்திரேற்றுக்கும் களைநாசினிக்கும் சேர்த்து. முடிவைத் தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். ஊற்றுக்கு மேலே மருந்து அடிப்பதை நிறுத்த வேண்டும். தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டுத்தான் தண்ணியை விட வேண்டும். செலவு கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் உரியது.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அடுத்த நடையை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லயத்திலிருந்து தொட்டி வரைக்கும், தொட்டியிலிருந்து ஊற்று வரைக்கும் ஊர்ச் சனத்தோடு நடந்து, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி எடுங்கள். அந்தத் தாளோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், தண்ணி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பில்டர்காரர் வந்தால் அவரிடமும் அதைக் காட்டுங்கள்.