மந்து என்ன மியூசியமா?

போன வாரம் கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் வாட்சப்பில் ஒரு தாளை அனுப்பி, "நீங்க ஊட்டிக்காரர்தானே, இது நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டார். (நான் ஊட்டிக்காரன் இல்லை, குன்னூர்ப் பக்கம். மேட்டுப்பாளையம் இறங்கிட்டா நாங்க எல்லாருமே ஊட்டிக்காரங்கதான், விடுங்க.)

மூணு நாள், ரெண்டு ராத்திரி பேக்கேஜ். முதல் நாள் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா. ரெண்டாம் நாள் காலையில ஜீப்பில் 'ஆஃப் ரோடு அட்வென்ச்சர்'. 11 மணிக்கு 'ட்ரைபல் வில்லேஜ் கல்ச்சுரல் எக்ஸ்பீரியன்ஸ் - 45 நிமிடம்'. அப்புறம் சாப்பாடு, பைக்காராவில் படகு, ராத்திரி கேம்ப் ஃபயர், டிஜே.

ஜீப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு இனத்தோட வாழ்க்கை. 45 நிமிடம். கோபம் வந்துச்சு. ஆனா அந்தக் கோபத்தை நண்பர் மேல காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன்னா இதே மாதிரி ஒரு கூட்டத்தை நானே கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன்.

2014-ல நடந்தது. ஆபீஸிலிருந்து 16 பேர். உள்ளூர்க்காரன்ங்கிற கெத்துல ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. தங்கின ரிசார்ட்டில் தலைக்கு 250 ரூபாய் கட்டினா தோடர் மந்து ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போறோம்னாங்க. சரின்னுட்டேன். சின்ன வயசில மந்து பக்கம் போயிருக்கேன், எருமை மேய்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன், அதுல என்ன தப்புன்னு நினைச்சேன்.

வேன் நின்னதும் எல்லாரும் திபுதிபுன்னு இறங்கி நேரா அந்த அரைவட்டக் குடிசைக்குப் போனாங்க. மூங்கிலும் பிரம்பும் புல்லும் வச்சுக் கட்டின வீடு, தவழ்ந்துதான் உள்ளே போகணும், அவ்வளவு சின்ன வாசல். அந்த வாசல் வழியா ஒருத்தன் செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தான். உள்ளே ஆள் இருக்காங்களா இல்லையான்னுகூடக் கேட்கலை. அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல கையை விட்டுப் படம் எடுத்தா நம்ம தெருவில என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

பக்கத்திலேயே ஓட்டு வீடு, சிமெண்ட் வீடு. தோடர்கள் பெரும்பாலானவங்க இப்ப அதிலதான் இருக்காங்க. ஜீன்ஸ் போட்ட ஒரு பையன் பைக்கைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். அவனைப் பார்த்துட்டு எங்க மேனேஜர் என் காதில கேட்டார், "இவங்க ஒரிஜினல் தோடர்தானா?" பையனுக்குக் கேட்டிருக்கும். கேட்ட மாதிரி காட்டிக்கலை. இந்தக் கேள்வியைக் கேட்டவர் தன் தாத்தா மாதிரி வேட்டி கட்டி வில்வண்டியில வரலை, இன்னோவாவில் வந்தவர்.

அதுக்குள்ள ரிசார்ட் ஆள் ஒரு வயசான அம்மாவைக் கூப்பிட்டு, "பாட்டி, சார்ங்க எல்லாம் வந்திருக்காங்க, ரெண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு டான்ஸ் போடுங்க"ன்னான். அந்த அம்மா பூத்தையல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வெள்ளைத் துணியில கறுப்பும் சிவப்பும். கோடு போடாம, அச்சு வைக்காம, துணியோட இழையை எண்ணி எண்ணியே போடுற வேலை. 2013-ல புவிசார் குறியீடு கிடைச்ச தையல் இதுதான். ஊசியைத் துணியில குத்தி வச்சுட்டு எழுந்திருச்சாங்க. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. கூட்டத்தில உள்ளூர் மூஞ்சி நான் ஒருத்தன்தான்னு தெரிஞ்சிருக்கும். நான் சிரிச்சு வச்சேன்.

பெருசா ஆடலை. ரெண்டு பெண்கள் கூட நின்னு ஏதோ ரெண்டு வரி பாடினாங்க. கூட்டம் கை தட்டுச்சு. ஒருத்தன் அந்தப் போர்வையை வாங்கித் தோளில போட்டுப் போஸ் குடுத்தான். அப்புறம் விலை கேட்டான். மூவாயிரம்னாங்க. ஆயிரத்துக்குக் கேட்டான். "ரெண்டு மாச வேலைங்க"ன்னு அந்த அம்மா சொல்லிட்டுப் போர்வையை மடிச்சு உள்ளே கொண்டு போயிட்டாங்க. கோபப்படவே இல்லை. நாலு அடி திட்டியிருந்தா எனக்கு இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

திரும்பும்போது ரிசார்ட் ஆள்கிட்ட மந்துக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு கேட்டேன். ஐநூறுன்னான். நாங்க கட்டினது நாலாயிரம்.

இப்ப, "அவங்களுக்கும் வருமானம்தானே, உங்களுக்கு என்ன?"ன்னு கேட்கப் போறீங்க. தெரியும். எப்பவும் இதுதான் கேட்பாங்க. நாலாயிரத்தில ஐநூறு போச்சுன்னா அதுக்குப் பேரு வருமானம் இல்லைங்க, சில்லறை. நிஜமாவே வருமானம் வரணும்னு நினைக்கிறவன் அந்தப் போர்வைக்கு மூவாயிரத்தை எடுத்து வச்சிருப்பான். கடைவீதியில மெஷினில் அடிச்ச போலித் தோடா ஷாலை வாங்கிட்டு வந்து ட்ரைபல் கலைக்கு ஆதரவு குடுத்தேன்னு சொல்ல மாட்டான்.

சரி, டான்ஸ் விஷயத்துக்கு வர்றேன். தோடர்கள் ஆடுறது எப்போ? ஆண்கள் வட்டமா நின்னு குரல் குடுத்து ஆடுவாங்க. கோயிலுக்குப் புதுசா புல் வேயும்போது, கல்யாணத்தில, சாவில. அவங்க கோயில்ங்கிறது பால்மனை. எருமையும் பாலும்தான் அங்கே தெய்வ காரியம், பூசாரி தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. பாட்டும் அப்படித்தான், சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. அந்தந்த நிகழ்ச்சிக்குன்னு கட்டுறது. எருமைப் பேரு, மந்துப் பேரு, மலைப் பேருன்னு உள்ளே கோத்து வரும். எமனோன்னு ஒரு மொழியியல் அறிஞர் 1930-களில் நீலகிரியில் தங்கி இந்தப் பாட்டையெல்லாம் கேட்டு எழுதினார். தோடர் பாடல்கள் பற்றின அவரோட தடிப் புத்தகம் வெளிவந்தது 1971-ல. அந்த மனுஷனுக்கு அத்தனை வருஷம் ஆச்சு. நமக்கு 45 நிமிஷம் போதும்!

காலையில 11 மணிக்கு, சாவும் இல்லாம கல்யாணமும் இல்லாம, வேனில் வந்தவனுக்காக ஆடுன்னா? உங்க வீட்டு வாசல்ல ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நிக்குது. கழுத்தில கேமராவோட பத்துப் பேர் இறங்குறாங்க. திண்ணையில அரிசி புடைச்சுக்கிட்டு இருக்கிற உங்க அம்மாகிட்ட, "அம்மா, உங்க ஊர்ல ஒப்பாரி ரொம்ப நல்லா வைப்பாங்களாமே, எங்களுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் வைங்க"ங்கிறாங்க. அம்மா என்ன செய்வாங்க? எங்க அம்மாவா இருந்தா முறத்தாலேயே போட்டிருப்பாங்க :-)

இதுல இன்னொரு கொடுமை இருக்கு. அந்த பேக்கேஜில் மந்துக்கு அப்புறம் வர்ற பைக்காரா படகு. பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமான ஆறு. 1932-ல அங்கே மின்நிலையம் வந்தது. பைக்காரா, குந்தான்னு அணை மேல அணை கட்டினதில எருமை மேய்ஞ்ச புல்வெளி எவ்வளவோ தண்ணிக்குள்ள போச்சு. மிச்சமிருந்த புல்வெளியில வெள்ளைக்காரனும், அவனுக்கு அப்புறம் நாமளும், சீகையையும் யூகலிப்டஸையும் நட்டோம். இப்ப கோயில் வேயுறதுக்கான புல்லைத் தேடி அவங்க அலையணும். முதல்ல மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கிட்டோம். அப்புறம் அந்தத் தண்ணி மேல படகு விட்டோம். இப்ப, "எங்கே, பழைய மாதிரி எருமை வச்சுக்கிட்டு, போர்வை போர்த்திக்கிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ"ங்கிறோம். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே சுமார் ரெண்டாயிரம் பேர். சீசன்ல ஒரு நாள்ல ஊட்டிக்கு ஏறுற வண்டி அதைவிடப் பல மடங்கு.

வண்டின்னதும் இ-பாஸ் ஞாபகம் வருது. சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே மாசம் வந்தது. 2025-ல வார நாளுக்கு 6000 வண்டி, வார இறுதிக்கு 8000-ன்னு அளவும் வச்சாங்க. எங்க ஊர்க் கடைக்காரங்க இதை எதிர்த்துக் கடையடைப்பே நடத்தினாங்க. நான் இதுக்கு எதிரி இல்லை. ஆனா பாஸ் வண்டியைத்தான் எண்ணும். உள்ளே இருக்கிற ஆள் எதுக்கு வர்றான்னு கேட்காது.

அந்த 'அட்வென்ச்சர்' சமாச்சாரமும் இதே புத்திதான். மலைன்னா நமக்கு ஒரு விளையாட்டுச் சாமான். ஜீப் டயர் புல்வெளியைக் கிழிச்சுக்கிட்டுப் போகுது, அதுக்குக் கூச்சல் வேற. அந்தப் புல்வெளியும் சோலைக்காடும் மழையைப் பிடிச்சு வச்சு விடுற தண்ணிதான் பவானி ஆறா இறங்குது. கோயம்புத்தூரில் நான் குடிக்கிற பில்லூர் தண்ணி அதுதான். நெருப்பைப் பத்திச் சொல்லவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல காட்டுத் தீயில செத்தாங்க. 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மேல நெருப்பை வீசினாங்க, அது துடிச்சுச் செத்தது. அந்த வீடியோவை முழுசா என்னால பார்க்க முடியலை. காட்டுக்கு ஓரமா உக்காந்துக்கிட்டு கேம்ப் ஃபயர், டிஜே கேட்கிற நமக்கும் அதில பங்கில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

அப்ப யாரும் வரவே கூடாதான்னு கேட்டா, அப்படி நான் சொல்லலை. வாங்க. எங்க மாமா டாக்ஸி ஓட்டித்தான் ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தார். நடக்கணும்னு ஆசைன்னா வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதையோட ஒரு மலையேற்றத் திட்டம் ஆரம்பிச்சிருக்கு. அனுமதியோட போகலாம், வழிகாட்டியா வர்றதும் அந்தக் காட்டை அறிஞ்ச ஆளுங்கதான், பழங்குடிப் பையன்களும் உண்டு. அவன்கூட ஒரு நாள் முழுக்க நடங்க. அவனா ஏதாச்சும் சொன்னா கேட்டுக்குங்க, சொல்லலைன்னா நோண்டாதீங்க. தோடர் தையல் வேணும்னா செய்யுறவங்ககிட்டேயோ அவங்க நடத்துற கடையிலேயோ சொன்ன விலைக்கு வாங்குங்க. மந்துக்குள்ள போறது மட்டும் யாராச்சும் வாங்கன்னு கூப்பிட்டா. கூப்பிடலைன்னா ரோட்டோட போயிடணும், அவ்வளவுதான். சொந்தக்காரன் வீட்டுக்கே நாம சொல்லிட்டுத்தானே போறோம்?

அந்தப் போர்வையை வாங்க நான் அடுத்த வருஷம் தனியா போனேன். அந்த அம்மா இல்லை, கோத்தகிரிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருக்காங்கன்னாங்க. பைக் துடைச்ச பையன்தான் பதில் சொன்னது. என்னை அடையாளம் தெரிஞ்சுதா தெரியலையான்னு அவன் மூஞ்சியில எதுவும் தெரியலை. உள்ளே வாங்கன்னும் சொல்லலை. வாசலோட திரும்பிட்டேன்.

நண்பருக்குப் பதில் அனுப்பினேன்: "மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ரெண்டாம் நாள் 11 மணியை மட்டும் அடிச்சிடுங்க."

உடனே கேட்டார், "அப்ப அந்த முக்கால் மணி நேரம் என்ன பண்றது?"

ரோட்டோரத்தில ஏதாச்சும் டீக்கடையா பார்த்து உக்காருங்கன்னேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. இன்னும் பதில் இல்லை.