டிரிப் சத்துத் தண்ணீர் அல்ல

மாணவர்களே, காய்ச்சலில் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருப்பவரைப் பார்த்து நம் வீடுகளில் ஓர் ஆலோசனை சொல்வார்கள்: "கிளினிக்குக்குப் போய் ஒரு டிரிப் போட்டுக்கிட்டு வா, தெம்பாயிடும்." தோட்டங்களை விட்டு வெளியேறி சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா தாமான்களில் குடியேறிய குடும்பங்களில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மருத்துவர் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், "என்ன டாக்டர், ஒன்றுமே செய்யவில்லை" என்று குறைபட்டுக்கொள்பவர்களும் உண்டு.

கேட்டு வாங்கி டிரிப் போட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பது என் கருத்து. டிரிப் உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் ஐயமே இல்லை. அதனால்தான் அதை எப்போது போடுவது, எவ்வளவு போடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இதற்கான காரணத்தை நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

ஊசியின் மீது வந்த நம்பிக்கை

பால்மரத் தோட்டங்களில் நோய் என்றால் மக்கள் முதலில் ஓடியது டிரஸ்ஸரிடம்தான். மருத்துவர் எப்போதாவது வருவார். டிரஸ்ஸர் லயத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார். காயத்துக்குக் கட்டுப்போடுவதும், மலேரியாவுக்கு மருந்து கொடுப்பதும், ஊசி போடுவதும் அவர் வேலை. இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே நம் நாட்டில் 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர் சட்டம் இயற்றப்பட்டது. அந்த அளவுக்கு முக்கியமானவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்தில் ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியதைப் பார்த்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். "மாத்திரை மெதுவாக வேலை செய்யும், ஊசிதான் உண்மையான வைத்தியம்" என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியதில் வியப்பில்லை. அந்த ஊசியின் இடத்தை இன்று டிரிப் பிடித்துக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

பைக்குள் என்ன இருக்கிறது?

மிகச் சாதாரணமாகப் பயன்படும் உப்புநீர் டிரிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 0.9 விழுக்காடு உப்பு இருக்கிறது. அதாவது ஒரு லிட்டர் நீரில் 9 கிராம், அரை லிட்டர் பையில் 4.5 கிராம். இது ஒரு தேக்கரண்டி உப்பைவிடக் குறைவு. 5 விழுக்காடு குளுக்கோஸ் உள்ள அரை லிட்டர் பையில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கும். ஐந்தாறு தேக்கரண்டி சீனி அளவுதான். இதில் புரதம் இல்லை, இரும்புச்சத்து இல்லை. ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு குவளை பார்லித் தண்ணீரும் தருவதைவிட அதிகமாக அந்தப் பை எதையும் தந்துவிடாது.

"டிரிப் போட்டதும் தெம்பு வந்ததே?" என்று கேட்பார்கள். வந்திருக்கும். உடலில் குறைந்திருந்த நீர் ஈடாகிறது. இரண்டு மணி நேரம் குளிர்சாதன அறையில் அசையாமல் படுத்து ஓய்வு கிடைக்கிறது. பல காய்ச்சல்கள் அந்த நேரத்தில் தாமாகவே இறங்கவும் தொடங்குகின்றன. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இவை அனைத்தும் வீட்டிலேயே கிடைக்கும்.

சரி, வெறும் தண்ணீரைப் பையில் ஊற்றாமல் ஏன் 9 கிராம் உப்பைச் சேர்க்கிறார்கள்? உயிரியலில் படித்த சவ்வூடுபரவலை நினைத்துப் பாருங்கள். சிவப்பணுவுக்குள் கரைபொருள்கள் இருக்கின்றன. வெளியே தூய நீர் சூழ்ந்தால், நீர் அணுவுக்குள் புகுந்து அதை ஊதி வெடிக்கச் செய்துவிடும். வெளியே உப்பு மிகுந்தால் அணு சுருங்கிவிடும். இரண்டும் ஆகாமல் சமநிலையில் வைக்கும் அளவுதான் 0.9 விழுக்காடு. வாயால் குடிக்கும்போது தூய நீர் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அதே நீரைச் சிரைக்குள் செலுத்தினால் ஆபத்து.

காவல் இல்லாத வாசல்

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நம் உடலின் காவலர்கள். வாய்வழி போகும் பொருள் இரைப்பை அமிலத்தையும் குடலையும் கல்லீரலையும் கடந்துதான் இரத்தத்தில் கலக்கும். ஒத்துக்கொள்ளாததை வாந்தியாக வெளியே தள்ளவும் உடலுக்குத் தெரியும். கிருமிகளைத் தடுக்கத் தோல் இருக்கிறது. டிரிப் ஊசி இவர்கள் அனைவரையும் தாண்டி நேராக இரத்தத்துக்குள் நுழைகிறது. பேச்சுவழக்கில் "நரம்பில் ஊசி" என்கிறோம். உண்மையில் அது போவது சிரைக்குள், அதாவது இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்க்குள். நுழைந்த பொருள் சில நொடிகளில் இதயத்தை அடைந்துவிடும். திரும்ப எடுக்க வழியில்லை.

அங்கே ஒரு சிறு பிழைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு 1972இல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் நடந்தது சான்று. டெவன்போர்ட் மருத்துவமனையில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலர் இறந்தார்கள். விசாரித்தபோது, பாட்டில்களை நீராவியால் கிருமி நீக்கம் செய்த தொழிற்சாலைக் கொதிகலனுக்குள் காற்று தங்கிவிட்டது தெரியவந்தது. காற்று நீராவியைவிட அடர்த்தி மிக்கது. அது அடியில் தங்கியதால் கீழ் அடுக்குப் பாட்டில்கள் போதிய வெப்பத்தை எட்டவில்லை. அவற்றில் பிழைத்திருந்த கிருமிகள் பெருகின. குடித்திருந்தால் ஒருவேளை வயிற்றுப்போக்கோடு போயிருக்கும். சிரைவழி போனதால் உயிர் போனது.

அளவும் அப்படித்தான். பொட்டாசியம் நம் உடலுக்குத் தேவை. வாழைப்பழத்திலும் இளநீரிலும் இருக்கிறது. ஆனால் அடர் பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில், இத்தகைய அடர் கரைசல்களைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், ஒரே மாதிரித் தோன்றும் மருந்துகளைப் பிரித்தறிவதும் இடம்பெற்றன.

வேகத்தையும் கணக்கிட வேண்டும். 500 மில்லிலிட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. அதை 240 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. பை ஏன் உயரத்தில் தொங்குகிறது? கையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் திரவத்தின் அழுத்தம் ஏறத்தாழ 9,800 பாஸ்கல். கைச் சிரையின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. அதனால் திரவம் உள்ளே பாய்கிறது. பையைக் கைக்குக் கீழே இறக்கினால் இரத்தம் குழாயில் பின்னோக்கி ஏறும். "சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்" என்று குழாயிலுள்ள சிறு சக்கரத்தைத் தாங்களே திருப்பிவிடும் உறவினர்கள் இருக்கிறார்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு அந்த அவசரம் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலில் முடியலாம்.

குடித்தே பிழைத்தவர்கள்

டிரிப்பைவிட வாய்வழி நீர் தாழ்ந்தது என்று நினைப்பவர்கள் 1971இல் இந்தியாவின் போங்காவ் நகரில் நடந்ததை அறிய வேண்டும். வங்காளதேசப் போரிலிருந்து தப்பி எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மருத்துவமனையில் படுக்கை இல்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். டிரிப் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு துணிந்த முடிவை எடுத்தார். சமையலுப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலமாகக் கட்டி, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். ஊற்றிக் கொடுத்தவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவருடைய குழுவின் பராமரிப்பில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

காரணம் குடலில் இருக்கிறது. குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் போகிறது. காலராவிலும் அந்தப் புரதம் வேலை செய்கிறது. இன்று மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அறிவியல் இதுதான். மயங்கிய நிலையில் இருப்பவருக்கும், குடித்ததெல்லாம் வாந்தியாகிறவருக்கும் டிரிப் தேவை. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் குடலே போதும்.

டிங்கியில் கவனம்

நம் நாட்டில் இந்தப் பழக்கம் மிகவும் ஆபத்தாவது டிங்கிக் காய்ச்சலில்தான். டிங்கியில் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும். இது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டது, நேற்று டிரிப்பும் போட்டாகிவிட்டது" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் நேரமே ஆபத்தான நேரமாகலாம். திரவம் குறைந்தால் அதிர்ச்சி நிலை ஏற்படும். கூடினால், கசிந்த திரவம் நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். ஆகவே மருத்துவமனையில் இரத்தத்தை மீண்டும் மீண்டும் பரிசோதித்து, டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். ஒருமுறை போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பும் டிரிப் அந்தக் கண்காணிப்புக்கு ஈடாகாது. கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறம் வெளுக்க குளுத்தாதயோன் டிரிப், வைட்டமின் டிரிப் என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் வருகிறது. சருமத்தை வெளுப்பாக்கும் ஊசி மருந்து எதுவும் நம் நாட்டில் பதிவு செய்யப்படவில்லை என்று சுகாதார அமைச்சு எச்சரித்துள்ளது. நோயே இல்லாத ஒருவர், அழகுநிலைய நாற்காலியில் அமர்ந்து தன் சிரையைத் திறந்துவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும் கண்

1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரைச் சேர்ந்த தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், காலராவில் சாகும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டியின் சிரையில் உப்புக் கரைசலைச் செலுத்தினார். ஒளியிழந்த கண்கள் தெளிந்தன, நாடித்துடிப்பு திரும்பியது. அவர் பிழைத்துவிட்டார் என்று நம்பி, மருத்துவமனை மருத்துவரின் பொறுப்பில் விட்டுவிட்டு லாட்டா ஓய்வெடுக்கப் போனார். வாந்தியும் பேதியும் திரும்பின. கரைசல் மீண்டும் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார். டிரிப்பில் ஊசி குத்துவது பாதி வேலை. மீதிப் பாதி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது.

அந்த மீதிப் பாதியை இன்று செய்பவர்கள் தாதியர்; நம் வழக்கில் "மிஸ்ஸி". சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஒவ்வொரு முறையும் ஐந்தையும் சரிபார்க்கிறார்கள். ஊசி குத்திய இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏற்கெனவே சொன்ன பெயரை மிஸ்ஸி மறுபடியும் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். உடலின் காவலர்கள் இல்லாத வாசலில் அவர்தான் காவல்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் மருந்துச் சீட்டைப் படிப்பதும், மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்பதைப் பாட்டிக்குச் சொல்வதும் நீங்கள்தான். எனவே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த மருந்து ஒவ்வாது, இதய நோயோ சிறுநீரக நோயோ இருக்கிறதா என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால், அதற்காக அறுவை செய்து இரத்தக் குழாய்களை இணைத்த கையில் டிரிப் ஊசி குத்தவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிரிப் போட்டால், "இது என்ன மருந்து? எதற்காக? எவ்வளவு நேரம் ஓடும்?" என்று பணிவாகக் கேளுங்கள். ஊசி போட்ட இடம் வலித்தாலோ, வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, நடுக்கம் வந்தாலோ உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். சக்கரத்தைத் தொடாதீர்கள், இயந்திரம் ஒலி எழுப்பினால் நீங்களே அணைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை வீட்டில் யாராவது "ஒரு டிரிப் போட்டால் சரியாகிவிடும்" என்றால், "குடிக்க முடிகிறதா?" என்று நீங்கள் முதலில் கேளுங்கள். முடிகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். முடியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டிரிப் வேண்டுமா என்பதை அங்கே மருத்துவர் சொல்லட்டும்.