மறைக்கலாம், ஏமாற்றக் கூடாது!

திருத்தணி சொல்லித் தரும் குறுக்கெழுத்துப் பாடம்

திருத்தணிக்குப் போனால் இதில் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் இதைச் செய்ய வேண்டும். அந்தக் காலத்து அரிசிக் கடையில் இதனால் அளந்து போட்டார்கள். இரண்டே எழுத்து. அது என்ன?

கண்டுபிடித்து விட்டீர்களா? விடை: படி.

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு 365 நாட்கள். நாளுக்கு ஒரு படி என்று சொல்லுவார்கள். டிசம்பர் 31-ந் தேதி அங்கே படித் திருவிழா நடக்கிறது. பக்தர்கள் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள்.

மேலே கேட்ட கேள்வியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரே பொருளின் பெயரைச் சொல்லாமல், மூன்று பக்கத்தில் இருந்து அடையாளம் காட்டினோம். அவ்வளவுதான். குறுக்கெழுத்துப் புதிருக்கு நல்ல குறிப்பு எழுதுவது என்றால் இதுதான்.

புதிரை விடுவிப்பது ஒரு திறமை. புதிர் போடுவது அதைவிடப் பெரிய திறமை. இந்த இரண்டாவது திறமையை ஒவ்வொரு வீட்டிலும் வளர்க்க வேண்டும் என்பது நம்முடைய கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

கட்டம் பிறந்த கதை

1913-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி அமெரிக்காவில், 'நியூயார்க் வேர்ல்டு' என்ற பத்திரிகையின் ஞாயிறு இதழில்தான் இந்தக் காலத்துக் குறுக்கெழுத்து முதன்முதலாக வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் ஆர்தர் வின். அவர் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தவர்.

அப்போது குறிப்புகள் நேரானவை. "ஒரு பறவை", "ஒரு நதி" என்று கேட்பார்கள். விடை எழுதுவார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு இது சப்பென்று இருந்தது. சொல்லை உடைத்து, திருப்பிப் போட்டு, மறைத்து வைத்துக் குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். 1926-ம் ஆண்டு முதல் 'அப்சர்வர்' என்ற ஞாயிறு பத்திரிகையில் 'டார்க்கிமடா' என்ற புனைபெயரில் ஒருவர் இத்தகைய புதிர்களை வெளியிட்டார். அவருக்குப் பிறகு 1939-ல் 'சிமனீஸ்' வந்தார். 1972-ல் 'அசெட்' வந்தார்.

இவர்கள் வாசகர்களுக்கு ஒரு வேடிக்கையான போட்டி வைத்தார்கள். புதிரில் ஒரு சொல்லுக்கு மட்டும் குறிப்பு நேராக இருக்கும். வாசகர் முழுப் புதிரையும் விடுவித்து, அந்த ஒரு சொல்லுக்குத் தாமே ஒரு சாமர்த்தியமான குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் விடை தெரியும். போட்டியே கேள்விக்குத்தான்!

பரிசு சொற்பம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வருவதைப் பெரிய பெருமையாக நினைத்தார்கள்.

கடற்படைத் தளபதியின் பொழுதுபோக்கு

நம் நாட்டிலும் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. 1911-ம் ஆண்டு செங்கற்பட்டில் பிறந்தவர். சுதந்திர இந்தியாவின் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் அவர்தான். 1958 முதல் 1962 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு, சென்னை 'இந்து' ஆங்கில நாளிதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர்கள் தயாரித்துக் கொடுத்தார்.

போர்க் கப்பல்களை நடத்தியவர், கட்டங்களோடு உட்கார்ந்து விட்டாரே என்று நினைக்க வேண்டாம். 2-வது உலகப் போரின்போது, 1942 ஜனவரியில், லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை ஒரு பந்தயம் நடத்தியது. 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். அதில் கலந்துகொண்ட சிலரை, எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலைக்குப் பிரிட்டிஷ் ராணுவம் பிறகு அழைத்துக்கொண்டது. சொல்லுக்குள் சொல்லைப் பார்க்கிற மூளைக்கு அவ்வளவு மதிப்பு!

தீட்சிதர் ஒளித்து வைத்த மான்

இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தையா? இல்லை. திருத்தணியையே பாருங்கள்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் முத்துசாமி தீட்சிதர். அவர் 1835-ல் காலமானார். திருத்தணியில் முருகனே ஒரு கிழவராக வந்து அவர் வாயில் கற்கண்டு இட்டதாகவும், அங்கேயே அவர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியதாகவும் மரபு.

தீட்சிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் ராகத்துடைய பெயரைப் பாட்டுக்குள்ளேயே ஒளித்து வைப்பார். திருவண்ணாமலை ஈசுவரன்மீது அவர் பாடிய 'அருணாசலநாதம்' என்ற கீர்த்தனை சாரங்க ராகத்தில் அமைந்தது. 'சாரங்கம்' என்றால் வடமொழியில் மான். சிவபெருமான் கையில் மான் இருக்கிறது அல்லவா? அந்த மானைச் சொல்லுகிற இடத்தில் ராகத்தின் பெயரையும் சொல்லிவிட்டார். பக்தனுக்கு அது மான். வித்துவானுக்கு அது ராகம். பொருளும் கெடவில்லை, ஒளித்ததும் தெரியவில்லை.

காதை அறுத்த போட்டி

புதிர்ப் போட்டி எப்படி இருக்கக் கூடாது என்பதற்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. திருத்தணி முருகன்மீது பல திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரைப் பற்றிய கதை அது.

வில்லிபுத்தூரார் பெரும் புலவர். மற்றப் புலவர்களை வாதுக்கு அழைப்பார். தோற்றவருடைய காதைத் துறட்டியால் அறுத்து விடுவாராம். அவரோடு அருணகிரிநாதர் வாதுக்கு உட்கார்ந்தார். அவர் ஒவ்வொரு பாட்டாகப் பாட, வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54-வது பாட்டு முழுவதும் தகர வரிசை எழுத்துகளாகவே இருந்தது. வில்லிபுத்தூரார் திகைத்தார். பொருள் சொல்ல முடியவில்லை.

சட்டப்படி அவருடைய காது போயிருக்க வேண்டும். அருணகிரிநாதர் அறுக்கவில்லை. பாட்டின் பொருளைத் தாமே சொல்லிக் கொடுத்தார். துறட்டியைக் கீழே போட வைத்தார். அப்படிப் பிறந்த நூல் 'கந்தர் அந்தாதி' என்று சொல்லுவார்கள்.

தோற்றவரை அவமானப்படுத்துவது போட்டி அல்ல. முடிச்சைப் போட்டவரே அவிழ்த்துக் காட்டி, இருவரும் சேர்ந்து ரசிப்பதுதான் போட்டி.

பணமா? குணமா?

குறுக்கெழுத்துக்கு ஒரு கெட்ட காலமும் உண்டு. 1930-களில் இருந்து தமிழ்நாட்டிலும் பிற இடங்களிலும் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் காட்டுத் தீ போலப் பரவின. நுழைவுக் கட்டணம் கட்டிக் கூப்பன் அனுப்ப வேண்டும். பரிசு ஆயிரக்கணக்கில் அறிவிக்கப்படும்.

அத்தகைய போட்டிகளில் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம்:

"மனிதனுக்கு இது அவசியம்." முதல் கட்டம் காலி. அடுத்த கட்டங்களில் 'ண', 'ம்'.

பணமா? குணமா? இரண்டும் பொருந்தும். படித்தவருக்கும் தெரியாது, பாமரருக்கும் தெரியாது. சரியான விடை, போட்டி நடத்துகிறவர் ஒட்டி வைத்த உறைக்குள் இருக்கிறது. ஆகவே ஒருவரே பத்துக் கூப்பன், இருபது கூப்பன் என்று மாற்றி மாற்றி எழுதி அனுப்பினார்கள். இதற்குப் பெயர் அறிவுப் போட்டியா? சூதாட்டம்!

1955-ம் ஆண்டு பாராளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாதத்தில் பரிசுத் தொகை 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு 2,000 கூப்பன்களுக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. பெரும்பாலும் திறமையால் வெல்லும் போட்டிகள் இந்தச் சட்டத்தில் சேரா; அதிர்ஷ்டத்தை நம்பியவைதான் சேரும் என்று தீர்ப்புச் சொன்னது.

கூப்பன் காலம் போய், இப்போது கைபேசிக் காலம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் குடும்பங்கள் சீரழிந்த பிறகு, 2025-ல் அவற்றைத் தடை செய்து சட்டம் வந்தது. உருவம் மாறினாலும் கேள்வி அதேதான்.

சூதாட்டம் நடத்துகிறவன் நீங்கள் தோற்க வேண்டும் என்று விரும்புகிறான். நல்ல புதிர் போடுகிறவன், நீங்கள் கொஞ்சம் திண்டாடி, கடைசியில் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறான். இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு, அவர்களே புதிர் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

குறிப்பு எழுதும் முறை

இங்கிலாந்தின் சிமனீஸ் வகுத்த விதி மிக எளியது. குறிப்பில் இரண்டு பகுதி இருக்க வேண்டும். ஒன்று, விடையின் பொருள். மற்றொன்று, விடையின் எழுத்துகளை அடைய வழி. இவை தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது.

சில உதாரணங்கள்:

சேர்ப்பது: "கோபம் ஆறு, கரத்தைக் கொடு, முருகன் மலை தெரியும் (3)." விடை: தணிகை. தணி, கை என்று சேர்க்க வேண்டும். சூரனோடு செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால்தான் அந்த ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள்.

திருப்புவது: "சிவா, திரும்பி உட்கார்ந்து புத்தகத்தைப் படி (2)." விடை: வாசி.

கலைப்பது: "நகரம் குழம்பினால் யாரும் போக விரும்பாத இடம் (4)." விடை: நரகம்.

ஒளிப்பது: "அம்மா லைட் போடும் வேளை உள்ளே இருக்கிறது (2)." முதல் இரண்டு சொற்களைச் சேர்த்துப் படியுங்கள். நடுவே 'மாலை' இருக்கிறது!

இன்னொன்று: "முருகன் கையில் ஏந்துவதைச் செய்தால் சம்பளம் உண்டு (2)." விடை: வேலை. இங்கே 'ஏந்துவது' என்று எழுதியிருந்தால் 'வேல்' என்றுதான் விடை வரும். அது குறிப்பின் மறு பாதியோடு ஒட்டாது. 'ஏந்துவதை' என்று எழுதியதால் 'வேலை' சரியாக வருகிறது. ஓர் எழுத்தில் நாணயம் இருக்கிறது. குறிப்பு எழுதுகிறவர் இப்படி ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

எல்லை ஊரின் சொத்து

இந்த விளையாட்டுக்குத் திருத்தணியைப் போல வசதியான ஊர் அபூர்வம். முன்பு ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணி, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியது. ஆனால் தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் இன்றும் பேசப்படுகின்றன.

"தமிழில் கதவுக்குச் செய்வது, தெலுங்கில் மூன்று (2)." விடை: மூடு. இரண்டு மொழி தெரிந்த பாட்டிக்கு இது ஒரு நொடி. ஒரு மொழி மட்டும் தெரிந்த பேரன் பாட்டியிடம் போய்த்தான் கேட்க வேண்டும். கேட்கட்டுமே!

ஞாயிற்றுக்கிழமை போட்டி

பணம் வேண்டாம். கட்டம்கூட வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் உள்ளவர்கள் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். சத்தமாகப் படியுங்கள். எது நன்று என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.

இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் கூச்சப்பட வேண்டாம். 'வாசி'யைத் திருப்பினால் 'சிவா' என்பதை, வேகமாகப் படிக்கிறவர் கவனிப்பதில்லை. எழுத்து எழுத்தாகப் படிக்கிறவர் கண்ணில்தான் அது முதலில் படும்.

ஒரே ஒரு நிபந்தனை. விடையைச் சொன்னதும் கேட்டவர், "அடடா, எனக்குத் தோன்றவில்லையே!" என்று சொல்ல வேண்டும். "இது அநியாயம்!" என்று சொன்னால், குறிப்பு எழுதியவருக்குத்தான் தோல்வி.

இன்றைக்குத் தொடங்க மூன்று குறிப்புகள்:

1. தெலுங்கில் ஏழு, தமிழில் பனையோலைப் புத்தகத்தின் பக்கம் (2).

2. ஐந்துக்கு அடுத்தது, மழை பெய்தால் பெருகும் (2).

3. இரு மொழியிலும் 'சொல்'. தமிழில் உலோகமும் ஆகும் (3).

விடைகள்: 1. ஏடு 2. ஆறு 3. செப்பு.