சும்மா உட்கார வைப்பது சேவையா?

"பாட்டியை ராணி மாதிரி வெச்சிருக்கோம் சார். ஒரு வேலை செய்ய விடுறதில்லை!"

தூத்துக்குடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பாட்டி என் பெரியம்மா. ஆத்தூர்க்காரி. 2023-ல் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ஆத்தூர். நாற்பது வருஷம் கொடிக்காலே கதி என்று கிடந்தவள். இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே ஓயாமல் கத்தும் டி.வி. சாயங்காலமானால் எழுந்து போய்க் கதவை ஆட்டுகிறாளாம். அதற்கு ஒரு மாத்திரை.

என்னை அவளுக்குத் தெரியவில்லை. வாங்கிப் போன வெற்றிலையை மடியில் வைத்தேன். விரல்கள் தாமாகவே கிழிசலை ஒதுக்கின, காம்பை ஒரே பக்கமாகத் திருப்பின, அடுக்கின. "கொடிக்குத் தண்ணி பாய்ச்சியாச்சாலே?" என்றாள்.

அல்ஸைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது புது நினைவுகளைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸில். கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. அது சீக்கிரம் போவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவளுக்குக் கொடி கட்டத் தெரியும். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் என்ன பராமரிப்பு?

தோட்டம் நோயைத் தீர்க்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதற்றம் குறைகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சின்ன ஆய்வுகள்தான். ஆனால் நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம், சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்கிறது 2023-ல் வந்த மதிப்பீடு. இத்தனை பேரையும் டி.வி. முன்னால் உட்கார வைத்துவிடலாமா?

ஹாலந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-லேயே இவர்களுக்கென்று ஒரு குட்டிக் கிராமம் கட்டி, தெருவிலும் தோட்டத்திலும் தாராளமாக நடமாட விட்டார்கள். "அது பணக்கார நாடு சார்" என்பீர்கள். இடுப்பு உயரத்தில் ஒரு சிமென்ட் தொட்டி, பசலை, துளசி. இதற்கு எதற்குப் பணக்கார நாடு? போர் தண்ணீர் உப்பென்றால் ஒரு வாளி நல்ல தண்ணீர். வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம், கூட ஒரு ஆள். அரளி, ஊமத்தை மட்டும் வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள். "இது என்ன செடி, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம்.

எல்லோருக்கும் செடிதான் என்பதும் இல்லை. 1961-ல் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தபோது கடலில் இறங்கியவர் இன்று இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவர் கையில் பூவாளியைக் கொடுத்தால் திட்டுவார். கயிறு கொடுங்கள், வலை கொடுங்கள்.

தொட்டி வைக்கலாமே என்று கேட்டேன். "மண்ணு, அழுக்கு... பார்க்க வர்ற குடும்பங்களுக்குப் பிடிக்காது சார்" என்றார்கள். குடும்பம் என்றால் யார்? நானும்தான். அங்கே கொண்டுபோய் விட்டபோது தரை பளபளவென்று இருக்கிறதா என்றுதானே பார்த்தேன்?

ஆத்தூரிலிருந்து ஒரு வெற்றிலைக் கொடியைத் தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஆபீஸ் மேஜையில் அழகுக்கு வைத்திருந்தார்கள். பெரியம்மா ஹாலில், டி.வி. முன்னால்.