தள்ளுகிறவனும் திருப்புகிறவனும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இந்த வயது வரை வந்ததில்லை. புதுச்சேரியில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து எங்கே போவதானாலும் நடந்தே போய்விடலாம். அப்படிப்பட்ட ஆசாமி மோட்டார் பந்தயத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதுவதைக் கண்டு, 'இவருக்கு என்ன வந்துவிட்டது?' என்று நீங்கள் நினைத்தால் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. என் நண்பரும் அப்படித்தான் கேட்டார்.

நண்பர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை அல்லவா? அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அங்கே நடப்பது வழக்கம். அன்று பேச்சுவாக்கில் நான் ஒரு யோசனையைப் பிரஸ்தாபித்தேன். பழைய கார்களை வைத்து, குறைந்த செலவில், சாதாரண வீட்டுப் பிள்ளைகளே ஓட்டுகிற மாதிரி ஒரு பந்தயத் தொடரை நம் ஊரில் ஆரம்பிக்க வேண்டும் என்றேன். அவர் நடையை நிறுத்திவிட்டார்.

"அது பணக்காரன் விளையாட்டு ஐயா, நமக்கு எதற்கு? ஈ.சி.ஆர். ரோட்டில் பையன்கள் செத்து விழுவது போதாதா?" என்றார்.

நம் ஊர் மரியாதைஸ்தர்கள் எல்லாருடைய அபிப்பிராயமும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் இரண்டையும் நான் சும்மா விடுவதாயில்லை. இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பையனுக்குப் பத்தொன்பது வயது. என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். சென்ற வருஷம் ஒருநாள் நடுராத்திரி, காலாப்பட்டுப் பக்கம், ஆயிரம் ரூபாய் பந்தயத்துக்காக மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனவன், நின்றிருந்த ஒரு லாரியில் மோதினான். இன்று அவன் தொடை எலும்போடு ஒரு இரும்புத் தகடும் சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவன் தாயார் வாசலில் இட்லி விற்றுப் பிழைப்பவள். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். அவளோ கோபமாக இருந்தாள்.

"போலீசு புடிச்சா பைன் போடுறாங்க, புடிக்காட்டி இப்படி வந்து கெடக்கிறான். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே கெடையாதாய்யா இவனுக்கு?" என்று கேட்டாள்.

நடுவில் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சட்டமே சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 189-வது பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால் தண்டனை என்கிறது. 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை அகப்பட்டால் ஒரு வருஷம், 10,000 ரூபாய் என்று ஏறுகிறது. நல்லது, தண்டிக்கட்டும். ஆனால் 'சம்மதம் இல்லாமல்' என்ற அந்த இரண்டு வார்த்தைகள் என்னத்துக்கு இருக்கின்றன? சம்மதத்தோடு நடத்தலாம் என்பதற்குத்தானே! தண்டனையைப் படிக்கத் தெரிந்த நாம் அந்த இரண்டு வார்த்தைகளை ஒருநாளும் படித்ததில்லை. அந்தப் பையன் ஓடத்தான் போகிறான். லாரி நிற்கிற ரோட்டில் ஓடுவதா, லாரி இல்லாத மைதானத்தில் ஓடுவதா என்பது ஒன்றுதான் நாம் தீர்மானிக்கக்கூடிய விஷயம்.

இனி, பணக்காரன் விளையாட்டு.

மோட்டார் போட்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். 1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை, 126 கிலோமீட்டர் தூரம், குதிரையில்லா வண்டிகளுக்கு ஒரு போட்டி நடந்தது. நடத்தியது ஒரு பத்திரிகை, லெ பெத்தி ஜூர்னால். வண்டி அபாயமில்லாததாக இருக்க வேண்டும், சுலபமாக ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும், போகிற செலவு மலிவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பிரபு நீராவி வண்டியில் முதலாவதாக வந்து சேர்ந்தார். அந்த வண்டியில் அடுப்புக்குக் கரி போட இன்னொரு ஆள் வேண்டியிருந்ததால், அவருக்கு முதல் பரிசைக் கொடுக்கவில்லை. பேஜோ வண்டிகளுக்கும் பன்ஹார் வண்டிகளுக்கும் அதைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஆக, ஆரம்பத்திலேயே மலிவு என்பது ஒரு விதி; கூடமாட ஒரு கூலியாளை வைத்துக்கொண்டு ஜெயிப்பது ஜெயிப்பதாகாது என்பதும் ஒரு விதி!

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊரில் இப்படி நடத்திக்கொண்டு, நம் ஊரில் புஷ் வண்டியில் போனார்கள். பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். துரை உள்ளே அமர்ந்து, முன்சக்கரத்தின் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். பின்னால் நம் ஆள் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு ஓடுவான். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியது. புஷ் வண்டியும் போயிற்று. ஆனால் இந்த தேசத்து மோட்டார் பந்தயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஷெட்டில் படுத்து எண்ணெய் பூசிக்கொள்கிறவன் ஒருவன், ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் வேறொருவன். தள்ளுகிறவன் ஒருநாள் திருப்பிப் பார்க்கட்டுமே என்பதுதான் என் வழக்கு.

இது நடக்காத காரியமல்ல. யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த சிமெண்டுத் தளத்தில்தான் வருஷக்கணக்காகப் பந்தயம் நடத்தியது. பியட், ஹெரால்டு என்று ரோட்டில் ஓடிய வண்டிகளையே கழற்றி மாட்டி ஓட்டினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே கோவை எஸ். கரிவரதன், நாம் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற மாருதி 800-ன் 796 சி.சி. என்ஜினைத் தூக்கி, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியில் வைத்தார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அந்த வண்டியில்தான். கரிவரதன் பெரிய மில் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அவருடைய மூளை மலிவான என்ஜினைத் தேடிப் போயிற்று. 1995-ல் சிறு விமானம் ஒன்று விழுந்து அவர் மாண்டது நமக்குப் பெரிய நஷ்டம்.

பிறகு நாம் எதைத் தேடிப் போனோம்? கிரேட்டர் நொய்டாவில் கோடிகளைக் கொட்டிக் களம் கட்டி, 2011 முதல் 2013 வரை மூன்றே மூன்று பார்முலா ஒன் பந்தயங்களை நடத்தி அத்தோடு நிறுத்தினோம். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, 2023 டிசம்பரில் நடக்க வேண்டி, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்டு கடைசியில் இராப் பந்தயம் நடந்தது. விளக்கொளியில் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். நான் அதைக் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வாணவேடிக்கை வேண்டாம் என்பேனா? ஆனால் வாணவேடிக்கையைப் பார்த்தவனுக்குப் பசி தீராது. வேலிக்கு வெளியே நின்று கைதட்டுகிறவன், வீட்டுக்குப் போகிற வழியில் அதே வேகத்தைத் தன் வண்டியில் முறுக்கிப் பார்ப்பான். பந்தயத்தைக் காட்டிவிட்டு, பந்தயம் விடாதே என்பது என்ன நியாயம்?

பின்லாந்தில் ஒரு பந்தயம் இருக்கிறது. அதன் பெயரே 'எல்லா மனிதருக்குமான வகுப்பு' என்று அர்த்தப்படும். அதன் விதியைக் கேட்டால் நம் கனவான்கள் மூர்ச்சையாகிவிடுவார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே நிர்ணய விலை. பந்தயம் முடிந்ததும் லைசென்சு உள்ள எவனும் எந்த வண்டியையும் அந்த விலைக்குக் கேட்கலாம். பலர் கேட்டால் குலுக்கல். வண்டிக்காரன் மறுக்கக் கூடாது, மறுத்தால் அவன் லைசென்சு போய்விடும். பத்து லட்சத்தைக் கொட்டி இழைத்த வண்டியை அற்ப விலைக்கு எவனோ ஓட்டிக்கொண்டு போவானென்றால், எவன் பத்து லட்சத்தைக் கொட்டுவான்? பணத்தை வெளியே நிறுத்த ஒரு போலீஸ்காரனும் தேவைப்படவில்லை பாருங்கள். அமெரிக்காவில் 2006 முதல் நடக்கும் லெமன்ஸ் பந்தயத்தில் காரின் விலை 500 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. பிரேக்கு, பெல்ட்டு, இரும்புக் கூண்டு ஆகிய உயிர்காக்கும் சாமான்களுக்குச் செய்யும் செலவு அந்தக் கணக்கில் சேராது. வேகத்தில் கஞ்சத்தனம், உயிரில் தாராளம்.

நான் கேட்பதும் அவ்வளவே. மாருதி 800 உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது, ஆனால் அதன் சாமான் கிடைக்காத ஷெட் இல்லை. வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் உச்சவரம்பு, கட்டாய விற்பனை, உள்ளே இரும்புக் கூண்டு, தலைக்கவசம், பக்கத்தில் ஆம்புலன்சு, டாக்டர். முதல் வருஷம் ஒன்றையொன்று முந்துவதுகூட வேண்டாம். ஒரு திறந்த மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தால் போதும். சத்தம் வருமே என்பார்கள். அரசியல் கூட்டத்து ஒலிபெருக்கியைவிட அதிகமாகவா வந்துவிடும்? பெட்ரோல் வீண் என்பார்கள். மந்திரி வருகைக்கு முன்னும் பின்னும் போகும் வண்டிகளை அவர்கள் எண்ணிவிட்டு வரட்டும். விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி ஒன்றுதான் கேள்வி. இன்றைக்கு அந்தப் பொறுப்பு ஒரு இட்லிக்காரியின் தலையில் இருக்கிறது என்பது என் பதில்.

பெத்தாங் குண்டை வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கி, மண் தரையில் ஆடி, நம் விளையாட்டாகவே ஆக்கிக்கொண்ட ஊர் இது. சொல்தா நண்பரிடம் அதைச் சொன்னேன். குண்டாடுவதில் அவருக்குப் பைத்தியம். "குண்டு யார் மேலும் ஏறாதே!" என்றார். ஆனாலும் அரசுக்கு நான் எழுதியிருக்கும் மனுவில் கையெழுத்துப் போட்டார், ஆம்புலன்சு ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று தம் கையாலேயே திருத்திய பிறகு. திருத்தம் நியாயமானது. அப்படியே வைத்துக்கொண்டேன்.

மனுவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கும் போனேன். பையன் காலை நீட்டி உட்கார்ந்து கார்புரேட்டர் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவன், கட்டாய விற்பனை என்றதும் முகம் சுண்டிப்போனான்.

"நான் செஞ்ச வண்டியை எவன் கேட்டாலும் கொடுத்துடணுமா சார்?"

"கொடுத்துத்தான் ஆகணும்."

வெகுநேரம் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ அவன் வண்டியை நானும் கேக்கலாமில்ல?" என்றான்.

"கேட்கலாம்."

"அப்ப போடுங்க சார் என் பேரை" என்று சொல்லிவிட்டு, எதிர் ஷெட்டில் நின்றிருந்த ஒரு வெள்ளை மாருதியை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தான்.