முதலில் வில், பிறகே எஞ்சின்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்றார்கள் நம் பெரியோர். தேரை இழுக்கும் குதிரையின் வேகத்தைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. சிறிய அச்சாணியைப் பற்றியே கவலைப்பட்டார்கள். பழைய காருக்குப் புது எஞ்சின் ஏற்றத் துடிக்கும் இளைஞர்கள் சிந்திக்க வேண்டிய மொழி இது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய அம்பாசிடரை அறியாதார் யார்? கல்யாணத்திற்கும் அதுதான், நடுநிசியில் பிரசவத்திற்கும் அதுதான். 2014இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் கரிசல் ஊர்களில் இன்னும் சில வண்டிகள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கோவில்பட்டியைத் தொட்டுச் செல்லும் நான்கு வழிச் சாலையில் புதுக் கார்கள் பறப்பதைக் கண்டதும் அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஓர் ஆசை பிறக்கிறது. பழைய 1489 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு, 1817 சி.சி. இசுசு எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு ஏற்றினால் என்ன?

ஆசையில் தவறில்லை. 1990களில் அந்த ஆலையே இந்த எஞ்சினை அம்பாசிடரில் பொருத்தி விற்றது. ஆனால் எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

நம் மண்ணைப் பாருங்கள். மழை பெய்தால் கரிசல் நீரைக் குடித்து உப்புகிறது. கோடையில் சுருங்கி வெடிக்கிறது. மேலே போட்ட தார்ச்சாலையும் அதனோடு சேர்ந்து எழுந்து அமிழ்கிறது. விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கத்துக் கிளைச்சாலைகளில் வண்டி படகு போல் ஆடுவதற்குக் காரணம் இதுவே.

வகுப்பில் தடையுறு அலைவு படிக்கிறோமே, அது காருக்கு அடியிலேயே நடக்கிறது. பின்புறத்து வில் பட்டைகளும் முன்புறத்து முறுக்குத் தண்டுகளும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. வாங்கியதைத் திருப்பித் தராமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்கும்போது ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. எண்ணெய் ஒழுகிப்போனால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையில் படியாத சக்கரம் திரும்பவும் செய்யாது; நிற்கவும் செய்யாது.

பலர் இதற்குச் செய்யும் வைத்தியம், கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பது. வில் விறைப்பாகிறது, பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடிவதில்லை. நோய் இடம் மாறுகிறதே தவிர, தீர்வதில்லை. தளர்ந்த பட்டைகளை மாற்றி, தேய்ந்த புஷ்களையும் முன்சக்கர மூட்டுகளையும் சீர்செய்து, வில்லுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரைப் பொருத்துவதே முறை.

அடுத்தது பிரேக். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 70 ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. எஞ்சினை மட்டும் வளர்த்துப் பிரேக்கை மறப்பவர், தம் உயிரோடு எதிரே வருபவர் உயிரையும் பந்தயம் வைக்கிறார்.

‘எஞ்சினே ஓடாத வண்டிக்கு வில் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடாத எஞ்சினைப் பழுது பார்ப்பது கடமை. சிலிண்டரைத் துளைத்து, ரிங் மாற்றி ஓடச் செய்யலாம். ஆனால் பழுது பார்ப்பது வேறு. பலத்தைப் பெருக்குவது வேறு.

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அனுமதியின்றி எஞ்சினை மாற்றி ஓட்டினால், விபத்து நாளில் காப்பீட்டுப் பணத்துக்கே வழக்காட நேரும். அடிபட்ட ஏழையின் குடும்பம் அதுவரை என்ன செய்யும்?

மாணவ நண்பர்களே! நம்மூர்ப் பட்டறைகளில் கையளவு அனுபவமாக இருக்கும் அறிவும், நம் புத்தகங்களில் சூத்திரமாக இருக்கும் அறிவும் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் பட்டறைக்குப் போய், மேஸ்திரியிடம் கேட்டு, வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். வில்லும் பிரேக்கும் சரியான பிறகு, பதிவு அலுவலகத்தின் இசைவோடு எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். கரிசல் காட்டில் வேகமாகப் போகிறவனைவிடப் பத்திரமாக வீடு சேர்கிறவனே நல்ல ஓட்டுநர்.