குமரிப் பாறையும் கரைக் கற்களும்

திருவனந்தபுரத்துக்கு வருகிற வெளியூர்த் தமிழர்களுக்கு வழக்கமாக ஒரு திட்டம் இருக்கும். காலையில் பத்மநாப சுவாமி, மாலையில் கோவளம், மறுநாள் கன்னியாகுமரி. கடைசி நாளில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறி, கரைக்குத் திரும்பி, சங்கும் பாசியும் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து குமரி முனை 90 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் இருக்கும் கடற்கரையை யாரும் பார்ப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று உள்நாட்டு வழியாகவே போகிறது. ரயிலும் அப்படித்தான். அசாமின் திப்ருகரிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் விவேக் எக்ஸ்பிரஸ், திருவனந்தபுரத்தைத் தாண்டி இந்தக் கடைசித் துண்டைக் கடக்கும்போது ஜன்னலில் வாழையும் ரப்பரும்தான் தெரியும்.

அந்த ரயிலுக்குப் பெயர் கொடுத்தவரும் இதே வழியாகத்தான் வந்தார். 1892 டிசம்பரில் கொச்சியிலிருந்து திருவனந்தபுரம் வந்த வங்காளத் துறவி, திருவிதாங்கூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்த சுந்தரராம ஐயரின் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். துணைக்கு வந்தவர் கொச்சி சமஸ்தானத்துச் சேவகரான ஒரு முஸ்லிம். சாமியார் இரண்டு நாளாகப் பால் தவிர வேறெதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும், முதலில் வழித்துணைக்குச் சாப்பாடு, பிறகுதான் தனக்கு என்று சொல்லிவிட்டார். ஐயரே தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளையையும் அவர் சந்தித்தார் என்று சொல்வார்கள். இன்றைய தமிழ்த்தாய் வாழ்த்தின் ஆசிரியர் அப்போது அந்த ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர்.

அங்கிருந்து குமரிக்கு. பாறைக்கு அவர் நீந்திப் போனார் என்பது எல்லோரும் அறிந்த கதை. படகுக்குக் காசில்லை, சுறாக்கள் திரியும் கடலில் குதித்தார், டிசம்பர் 25, 26, 27 மூன்று நாள் தியானம். 1894-ல் சிகாகோவிலிருந்து சகோதரத் துறவிக்கு எழுதிய கடிதத்தில் அவரே இந்த இடத்தைக் குறிப்பிடுகிறார். குமரி அம்மன் கோயிலையும், இந்தியாவின் கடைசிப் பாறைத் துண்டில் உட்கார்ந்து நாட்டின் வறுமையைப் பற்றி யோசித்ததையும் சொல்கிறார். நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது உள்ளூர்க்காரர்களின் நினைவு வழியாக வந்தது. நான் அதை நம்பாதவன் இல்லை. கரையிலிருந்து பாறை அரைக் கிலோமீட்டர்தான். கல்கத்தாவில் வளர்ந்தவருக்கு நீச்சல் புதிதல்ல. அங்கே அவருக்கு மீனவர்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பதும் அதே கதையில்தான் வருகிறது. நீச்சல் எல்லோர் நினைவிலும் நின்றுவிட்டது. சாப்பாடு கொண்டுபோனவர்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

அப்போது இந்தப் பாறை திருவிதாங்கூருடையது. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பாறையும் கூட வந்தது. ஆறு வருடத்திலேயே சண்டை தொடங்கிவிட்டது. விவேகானந்தர் நூற்றாண்டு நெருங்க, பாறையில் நினைவிடம் கட்ட ஒரு குழு அமைந்தது. பாறை தங்களுடையது என்று கரையோரக் கத்தோலிக்க மீனவர்கள் சொன்னார்கள். சிலுவை ஒன்றும் அங்கே முளைத்தது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஸ்ரீபாதப் பாறை என்பது இந்துக்களின் வாதம். 1963 ஜனவரியில் நட்ட விவேகானந்தர் கல்வெட்டு மே மாதத்தில் பெயர்த்துக் கடலில் வீசப்பட்டிருந்தது. முதலமைச்சர் பக்தவத்சலத்துக்கு இந்தத் தலைவலி வேண்டாம். பாறையின் இயற்கை அழகு கெட்டுவிடும் என்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீரும் கை விரித்தார்.

அப்போது வந்து சேர்ந்தவர் ஆர்.எஸ்.எஸ்.ஸின் முன்னாள் பொதுச் செயலாளர் ஏக்நாத் ரானடே. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் அவரிடமிருந்து காரியம் சாதிப்பதைக் கற்கலாம். ஹுமாயூன் கபீர் வங்காளத்து எம்.பி. ரானடே நேரே கல்கத்தா போய், வங்காளத்தின் தவப்புதல்வருக்கு வங்காளத்து அமைச்சரே தடை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அதற்கு மேல் அங்கே எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிறகு டெல்லியில் மூன்றே நாளில் 323 எம்.பி.க்களின் கையெழுத்து. கட்சி பேதம் இல்லை. பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி என்று கிடைத்த அனுமதி, படிப்படியாக இன்றைய மண்டபமாக வளர்ந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று நாடெங்கும் வசூல். ஆறு வருட வேலை. 1970 செப்டம்பர் 2-ல் ஜனாதிபதி வி.வி. கிரி திறந்து வைத்தார். அப்போது முதலமைச்சர் கருணாநிதி.

முப்பது வருடம் கழித்து அதே கருணாநிதி பக்கத்துப் பாறையில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 1979-ல் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டி, பிறகு ஆட்சிக்கு ஆட்சி இழுபறியாகக் கிடந்த வள்ளுவர் சிலையை, கணபதி ஸ்தபதியின் கைவண்ணத்தில் 2000 ஜனவரி 1-ல் திறந்தார். அறத்துப்பால் 38 அதிகாரம் என்பதால் பீடம் 38 அடி; பொருளும் இன்பமும் சேர்ந்து 95 என்பதால் சிலை 95 அடி. மொத்தம் 133. ஒரு பாறையில் துறவி, அடுத்ததில் இல்லறத்தையும் பாடிய புலவர். தமிழ்நாட்டின் அரை நூற்றாண்டு அரசியலை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் பார்க்க முடியாது. நடுவில் ஓடும் நீரைக் கடக்கத்தான் இருபத்தைந்து வருடம் ஆனது. நீர் வற்றினாலும் கடல் பொங்கினாலும் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. கவுன்டரிலேயே கையை விரித்துவிடுவார்கள். 2024 டிசம்பர் 30-ல் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்த கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்தது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், செலவு 37 கோடி ரூபாய். காலுக்குக் கீழே அலை தெரியும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதற்குப் பதிலாக செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பூம்புகார் கப்பல் கழகத்தின் முதல் படகைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் வரிசை தெருவுக்கு வந்துவிடும். மண்டபத்தைச் சுற்றியதும் தெற்கே திரும்பி எல்லையில்லாக் கடலைப் பார்ப்பதுதான் வழக்கம். வடக்கே, கரையைப் பாருங்கள். அம்மன் கோயிலுக்கு அப்பால், அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரமும் அதன் காலடியில் நெருக்கியடித்து நிற்கும் மீனவர் வீடுகளும் தெரியும். பாறையின் இன்னொரு சொந்தக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம். காலைப் படகுகளில் போன நூற்றுக்கணக்கானவர்கள் பாறையில் இருந்தபோதுதான் கடல் உள்வாங்கியது. அதுவரை யாரும் பார்த்திராத கற்கள் வெளியே தெரிந்தன. பிறகு வந்தது சுனாமி. மண்டபம் உயரத்தில் இருந்ததால் மேலே இருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் படகுத்துறை போய்விட்டது, திரும்ப வழியில்லை. அவர்களைக் கரை சேர்க்க வள்ளங்களோடு போனவர்கள் உள்ளூர் மீனவர்கள். அதே காலையில் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று அவர்களுடைய உறவுக்காரர்களின் கடற்கரை முழுதும் சவக்காடாகிக்கொண்டிருந்தது. மணக்குடியில் பாலமே பெயர்ந்து போனது. மாவட்டத்தில் இறந்தவர்கள் சுமார் 800 பேர். நாற்பது வருடத்துக்கு முன் இந்தப் பாறைக்காக மல்லுக்கு நின்ற சமூகம் அது. பாறையில் நிற்பவர் யார், எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பாறையில் இருக்கும் கல்வெட்டுகளில் எத்தனையோ பெயர்கள் உண்டு. இதற்கும் ஒரு கல் வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம், இடமா இல்லை?

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டு கடற்கரைச் சாலையில் வாருங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும், பரவாயில்லை. முட்டத்துப் பாறைகள் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தவைதான்: 1981-ல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த இடம். அடுத்து மணவாளக்குறிச்சி. இங்கே மணல் கறுப்பும் சிவப்புமாக மினுங்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இவற்றோடு மோனசைட்டும் உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு மத்திய அரசு நிறுவனம் அள்ளுகிறது. புதிய இடங்களில் அள்ளுவதற்கு மீனவர் கிராமங்களில் எதிர்ப்பும் இருக்கிறது. பக்கத்திலேயே மண்டைக்காடு. 1982 மார்ச்சில் கோயில் திருவிழாவில் தொடங்கிய கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். கடற்கரை கிராமங்களுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே பல வருடம் ஆறாத புண் அது. கொளச்சலில் 1741-ல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா முறியடித்ததற்கு ஒரு தூண் இருக்கிறது.

தேங்காய்ப்பட்டணம் தாண்டினால் தூத்தூர். ஆழ்கடலில் சுறா பிடிப்பவர்களின் ஊர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்த ஊர்க்காரர்கள் பலர் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பலர் திரும்பி வரவே இல்லை.

கடைசிக் கிராமம் நீரோடி. ஊர் முடியும் இடத்தில் கேரளத்தின் பொழியூர் தொடங்குகிறது. இங்கே எல்லை என்பது நிலத்தில் ஒரு கோடு, கடலில் அதுவும் இல்லை. கடலரிப்பைத் தடுக்கத் தமிழ்நாட்டுப் பக்கம் கற்களைக் கொட்டித் தடுப்புகள் போட்டார்கள். அதன் பிறகுதான் எங்கள் கரை போக ஆரம்பித்தது என்கிறார்கள் பொழியூர்க்காரர்கள். கடல் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை அதைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கும். நடுவில் கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினிக்கு மருந்தாக இன்னும் கல் கொட்டுவார்கள். அது அடுத்த ஊருக்குப் போகும்.

பூவாற்றில் நெய்யாறு கடலில் சேர்வதைப் பார்த்துவிட்டு வடக்கே போனால் விழிஞ்ஞம். ஆய் மன்னர்களின் துறைமுகம்; எட்டாம் நூற்றாண்டில் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட சிவன் சிற்பங்களோடு ஒரு சிறு குடைவரை இன்னும் இருக்கிறது. கரைக்கு அருகிலேயே 18 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம் என்பதால் பெரிய சரக்குக் கப்பல்களுக்கு ஏற்ற இடம். 2025 மே 2-ல் பிரதமர் மோடி புதிய துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே 24,000 கன்டெய்னருக்கு மேல் கொள்ளும் எம்எஸ்சி ஐரினா இங்கே வந்து நின்றது. நம் ஊர்ப் பெட்டிகள் கொழும்பில் ஏறி இறங்கிய காலம் குறையும் என்றால் நல்லதுதான்.

கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீளும் அதன் அலைத்தடுப்புச் சுவருக்குப் போன கற்களில் ஒரு பங்கு கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்துக் குன்றுகள். இரவும் பகலும் எல்லை தாண்டிய டிப்பர் லாரிகளைக் குமரிக்காரர்கள் மறித்துப் போராடியது உண்டு. குமரியில் ஒரு பாறையில் யார் கல் நடுவது என்று ஒரு காலத்தில் நாடே விவாதித்தது. அதே மாவட்டத்தின் மலைகள் முழுசாகக் கடலுக்குள் போனபோது அது வெறும் லாரிப் பிரச்சினையாகவே இருந்துவிட்டது.

விழிஞ்ஞத்துக்கு வடக்கே வலியதுறை, சங்குமுகம். வலியதுறைக் கடல்பாலத்தின் ஒரு பகுதி 2024-ல் கடலில் விழுந்தது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் இங்கே ஒரு பழைய சிமென்ட் கிடங்கில், சேலையைத் தட்டியாகக் கட்டிக்கொண்டு பல வருடம் வாழ்ந்தன. துறைமுகச் சுவர்தான் காரணம் என்று 2022-ல் நான்கு மாதத்துக்கும் மேல் மறியல் நடந்தது. துறைமுகம் இல்லை, புயல்களும் பருவ மாற்றமும்தான் காரணம் என்று அரசுத் தரப்பு ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். கரை போனதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. 2025 மே 25-ல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போன எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் இந்தக் கரையெல்லாம் ஒதுங்கின. குமரி மாவட்டம் வரைக்கும் போய்ச் சேர்ந்தன.

சங்குமுகத்தில்தான் பத்மநாப சுவாமிக்கு வருடத்துக்கு இரண்டு முறை ஆராட்டு. ஊர்வலம் விமான நிலையத்து ஓடுபாதையைக் கடந்து கடலுக்கு வரும். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். கடலோரச் சாலை 2021-ல் இடிந்து விழுந்து, ஆழமாகச் சுவர் இறக்கித் திரும்பக் கட்டினார்கள். மழைக்கால மாதங்களில் போனால் கடலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே எத்தனை அடி மணல் மிச்சம் என்று நீங்களே அளந்து பார்க்கலாம்.